தம்பிக்கு எந்த சர்வர்?

சென்னையில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்கு இந்த உரையாடல் மனப்பாடம். "தம்பிக்கு எந்த ஊரு?" மாவட்டத்தின் பெயரைச் சொல்வோம். "அதுல எந்தப் பக்கம்?" பக்கத்தில் இருக்கும் டவுனைச் சொல்வோம். "ஊருக்குள்ளயா, கொஞ்சம் தள்ளியா?" வீட்டுக்காரர் சாதியைக் கேட்கவே மாட்டார். கேட்க வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. நான்காவது கேள்வியில் அவருக்கு விடை கிடைத்துவிடும். ஐந்தாவதாக, "சொந்தக்காரங்க யாரோ வர்றேன்னு சொல்லியிருக்காங்க தம்பி" என்பார்.

2022 நவம்பரில் மாஸ்டடானில் கணக்குத் தொடங்க உட்கார்ந்தபோது அந்த வீட்டுக்காரர்தான் நினைவுக்கு வந்தார். பெயர், கடவுச்சொல் எல்லாவற்றுக்கும் முன்னால் அது கேட்ட கேள்வி: எந்த சர்வர்? ட்விட்டரில் எல்லோரும் ஒரே இடத்தில் இருந்தோம். இங்கே ஆயிரக்கணக்கான சர்வர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிர்வாகி, தனித்தனி விதிகள். மின்னஞ்சல் முகவரி போலவே பெயருக்குப் பின்னால் சர்வரின் பெயர் ஒட்டிக்கொள்ளும். ஒரு சர்வரில் இருப்பவர் இன்னொரு சர்வரில் இருப்பவரைப் பின்தொடரலாம், பதில் எழுதலாம். எல்லாவற்றையும் கோர்ப்பது ஆக்டிவிட்டிபப் என்ற பொதுவான நெறிமுறை. ஆனால் எங்கே போனாலும் எந்த ஊர்க்காரர் என்பது பெயரோடு வரும். ஒரு சர்வர் இன்னொரு சர்வரை மொத்தமாகத் துண்டித்துக்கொள்ளவும் முடியும். அப்படி நடந்தால் பக்கத்து வீட்டுக்காரர் செய்த தப்புக்கு நீங்களும் சேர்ந்தே வெளியே நிற்பீர்கள்.

ஏன் போனேன் என்பதை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. அக்டோபர் 27 அன்று 4,400 கோடி டாலருக்கு ட்விட்டரை எலான் மஸ்க் வாங்கினார். அடுத்த சில வாரங்களில் ஊழியர்களைக் கூட்டம் கூட்டமாக நீக்கினார், எட்டு டாலருக்கு நீல டிக் விற்றார், வெறுப்புப் பேச்சுக்காக வெளியேற்றப்பட்டவர்களுக்குப் பொதுமன்னிப்பு அறிவித்தார். டிசம்பரில் தன்னைப் பற்றி எழுதிய பத்திரிகையாளர்களின் கணக்குகளை முடக்கினார். மாஸ்டடானுக்கு இணைப்புக் கொடுப்பதே குற்றம் என்று ஒரு விதி போட்டு, எதிர்ப்பு வந்ததும் ஒரே நாளில் திரும்பப் பெற்றார். பண்ணையார் மாறினால் பண்ணையின் சட்டமும் மாறும் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் விளக்க முடியாது. அதற்காகப் பழைய பண்ணையார் நல்லவர் என்று நான் சொல்லவில்லை. 2018 நவம்பரில் டெல்லிக்கு வந்த ஜாக் டோர்சி, 'பார்ப்பனிய ஆணாதிக்கத்தைத் தகர்ப்போம்' என்ற பதாகையைக் கையில் பிடித்து நின்ற படம் வெளியானதும் என்ன நடந்தது? தேன்மொழி சௌந்தரராஜன் வடிவமைத்த அந்தப் பதாகைக்காக நிறுவனமே பதறி மன்னிப்புக் கேட்டது. நம் மக்கள் அங்கே தினம் தினம் வாங்கிய வசவுகளுக்கு அந்த வேகத்தில் ஒரு மன்னிப்பும் வந்ததில்லை.

ஆக, கிளம்பினேன். புது இடத்தின் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் தொழில்நுட்பத் தோழர்கள் சண்டைக்கு வருவார்கள். விளம்பரம் இல்லை. யார் எப்போது எழுதினார்களோ அந்த வரிசையில் பதிவுகள் வருகின்றன. கோபத்தை மூட்டிக் காசு பார்க்கும் அல்காரிதம் இல்லை. ஒரு பதிவுக்கு 500 எழுத்துகள் கிடைப்பதால் தமிழில் ஒரு முழு வாதத்தைச் சொல்ல முடிகிறது. படம் போட்டால் பார்வையற்றவர்களுக்காக அதை விவரித்து எழுதுவது அங்கே இயல்பான பழக்கம். முதல் இரண்டு வாரம் எனக்குத் தூக்கம் நன்றாக வந்தது. இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை.

பிறகு டிசம்பர் 25 வந்தது.

கீழ்வெண்மணி நாள். 1968இல் கூலி கேட்டதற்காக, செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்ததற்காக, 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்ட நாள். குழந்தைகள், பெண்கள், முதியவர்கள். பெரும்பாலானவர்கள் தலித்துகள். ஒவ்வொரு ஆண்டும் செய்வதைப்போல ஒரு சிறு குறிப்பு எழுதினேன். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. படம் எதுவும் வைக்கவில்லை. எரிந்த உடல்களை விவரிக்கவில்லை. யார், எங்கே, எதற்காக, வழக்கில் நிலவுடைமையாளர்கள் எப்படி விடுதலையானார்கள், அவ்வளவுதான்.

ஒரு மணி நேரத்தில் முதல் பதில் வந்தது. இந்தியப் பெயர். கலிஃபோர்னியாவில் மென்பொருள் வேலை, தனியுரிமை ஆர்வலர், காலநிலை ஆர்வலர் என்று சுயவிவரம் சொன்னது. நல்ல மரியாதையான ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். இதை உள்ளடக்க எச்சரிக்கைக்குப் பின்னால் வைத்தால் நன்றாக இருக்கும், பலர் பண்டிகைக் கொண்டாட்டத்தில் இருக்கிறார்கள், இங்கே அதுதான் நாகரிகம். அறியாதவர்களுக்கு: எச்சரிக்கை போட்டால் பதிவு மூடியே இருக்கும். தலைப்பை மட்டும் பார்த்து, விரும்புகிறவர்கள் அழுத்தித் திறந்து படிக்கலாம். நான் மறுத்தேன். அவர் நிர்வாகியிடம் புகார் செய்தார். என் சர்வரின் நிர்வாகி ஐரோப்பாவில் இருப்பவர், நல்ல மனிதர், சம்பளம் வாங்காமல் சர்வர் நடத்துகிறவர். அவரும் மரியாதையாகவே எழுதினார். பதிவின் முக்கியத்துவம் தனக்குப் புரிகிறதாம். ஆனால் ஒரு நாட்டின் உள்நாட்டு அரசியல் பற்றிய பதிவுகளை மூடி வைப்பது இங்கே வழக்கமாம்.

புகார் செய்தவரின் பெயரை மறுபடி பார்த்தேன். குடும்பப்பெயராக ஒரு சாதிப் பட்டம் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு எந்த எச்சரிக்கையும் இல்லை. அது திறந்தே இருக்கலாம். அந்தப் பட்டம் யாரை எங்கே நிறுத்தியது என்று எழுதினால் மட்டும் மூடி வைக்க வேண்டும். எங்கள் தாத்தாக்களிடம், தெருவில் நடக்கும்போது தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டச் சொன்னார்கள். துண்டே போடாதே என்று சொல்லவில்லை. போட்டுக்கொள், ஆனால் எங்கள் கண்ணில் படும்போது இறக்கிக்கொள். அதே மரியாதைக் கணக்குதான் இது.

உள்ளடக்க எச்சரிக்கையை நான் எதிர்க்கவில்லை. பாலியல் வன்முறையிலிருந்து மீண்டவர்களுக்கும் பால்புதுமையினர் பலருக்கும் அது உண்மையான பாதுகாப்பு. ஆணவக்கொலைச் செய்திகளில் உடலைக் காட்டும் படங்களைப் போடும் நம் தோழர்களும் அதைக் கற்றுக்கொள்ள வேண்டும். வன்முறையின் காட்சியை மூடுவது வேறு. வன்முறை நடந்தது என்ற செய்தியை, அதைச் செய்த அமைப்பின் பெயரை மூடுவது வேறு. இரண்டையும் ஒன்றாக்கி அதற்கு நாகரிகம் என்று பெயர் வைத்தால் அந்த நாகரிகம் யாருடையது என்று கேட்கத்தான் வேண்டும். நாம் மட்டும் கேட்கவில்லை. ட்விட்டரிலிருந்து வந்த கறுப்பின மக்களிடமும் இனவெறியைப் பற்றி எழுதினால் எச்சரிக்கை போடு என்றுதான் அந்த மாதங்களில் சொல்லப்பட்டது. வெள்ளையர்களின் வசதியே இந்தத் தளத்தின் பொது ஒழுங்காகிவிட்டது என்று ஜொனாதன் ஃப்ளவர்ஸ் போன்ற கறுப்பினச் சிந்தனையாளர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொரு நிகழ்வு சிறியது. ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அதுதான். தமிழில் ஒருவர் நம் இளைஞர்களைப் பற்றி 'நாடகக் காதல்' என்று ஆரம்பித்து வரிசையாக எழுதியிருந்தார். 2012இல் தருமபுரியில் மூன்று ஊர்கள் எரிந்த காலத்திலிருந்து அந்தச் சொல் என்ன வேலை செய்கிறது என்று உங்களுக்குத் தெரியும். புகார் செய்தேன். அவருடைய சர்வரின் மாடரேட்டர் அக்கறையோடு மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: இது ஏதாவது தொலைக்காட்சித் தொடரைப் பற்றிய விமர்சனமா?

சிரித்தேன். வேறென்ன செய்வது. மாஸ்டடான் அமைப்பே நடத்தும் பெரிய சர்வரின் விதிகளில், இனவெறி, பாலின வெறுப்பு ஆகியவற்றோடு சாதியவாதத்துக்கும் இடமில்லை என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. அதை வரவேற்கிறேன். ஆனால் விதியில் சொல் இருப்பதால் மட்டும் ஆவதென்ன? வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இலிருந்து இருக்கிறது. எஃப்.ஐ.ஆர். போட வைக்க எத்தனை நாள் ஸ்டேஷன் வாசலில் உட்கார வேண்டியிருக்கிறது என்பதை ஊரில் போய்க் கேளுங்கள். சாதி வெறுப்பு எப்போதும் கெட்ட வார்த்தை வேடத்தில் வருவதில்லை. 'தகுதி' என்று வரும், 'கோட்டா' என்று வரும், 'எங்க பொண்ணுங்க' என்று வரும், சில சமயம் வெறும் ஊர்ப்பெயராக வரும். அதைக் கேட்ட காது உள்ளவர்தான் அதைப் பிடிக்க முடியும். அப்படிப்பட்டவர் எத்தனை சர்வர்களில் நிர்வாகியாக இருக்கிறார்?

இந்த இடத்தில் தொழில்நுட்பத் தோழர்களிடமிருந்து ஒரு பதில் தயாராக வரும். "அதான் அழகே! உங்களுக்குப் பிடிக்கலைன்னா நீங்களே ஒரு சர்வர் வச்சுக்கலாமே. இது மையமில்லாத அமைப்பு, தோழர். யாரும் யாருக்கும் முதலாளி இல்ல."

அதிகாரத்தைப் பரவலாக்குவது என்ற சொல்லைக் கேட்டதும் நம் முற்போக்கு நண்பர்களின் முகத்தில் ஒரு ஒளி வருகிறது. காந்தியின் கிராம ராஜ்யம், ஒவ்வொரு ஊரும் ஒரு குடியரசு, ஆலமரத்தடியில் நியாயம். அந்த ஆலமரத்தடியில் யார் உட்கார்ந்திருந்தார்கள், யார் கைகட்டி நின்றார்கள் என்று நமக்குத் தெரியும். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் வரைவை முன்வைத்துப் பேசிய அம்பேத்கர், கிராமத்தை அடிப்படையாக வைக்கவில்லை என்ற குற்றச்சாட்டுக்கு நேராகவே பதில் சொன்னார். கிராமம் என்பது குறுகிய மனமும் அறியாமையும் வகுப்புவாதமும் தேங்கிய இடம், கிராமத்தைத் தள்ளிவிட்டுத் தனிமனிதரை அலகாக எடுத்ததில் தனக்கு மகிழ்ச்சியே என்பது அவர் வாதத்தின் சாரம். இதைப் படித்துவிட்டு மாஸ்டடானைப் பாருங்கள். அங்கே அலகு யார்? தனிமனிதர் அல்ல, சர்வர். உங்கள் பெயர் அதனோடு ஒட்டியிருக்கிறது, உங்கள் உரிமை அதன் நிர்வாகியின் மனசாட்சியில் இருக்கிறது, அவர் தீர்ப்புக்கு மேல் முறையீடு செய்ய ஓர் இடம் இல்லை.

வெறும் கோட்பாட்டை வைத்து இதைச் சொல்லவில்லை. 73ஆம் திருத்தத்துக்குப் பிறகு ஊராட்சிகளுக்கு அதிகாரம் வந்தது. தமிழ்நாட்டில் 1996இல் தனித்தொகுதி ஊராட்சிகளுக்குத் தேர்தல் அறிவித்தார்கள். மேலவளவில் தலைவராக வென்ற முருகேசனை 1997 ஜூன் 30 அன்று தோழர்களோடு சேர்த்து வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் பத்து ஆண்டுகள் ஒழுங்கான தேர்தலே நடக்க முடியவில்லை. 2006இல் அரசு இறங்கி வந்து நின்ற பிறகுதான் நடந்தது. அதிகாரம் கீழே இறங்கும்போது, கீழே ஏற்கனவே உட்கார்ந்திருப்பவர் மடியில்தான் அது முதலில் விழும். மேலே ஒரு பொதுச்சட்டமும் அதைப் பிடித்து நிற்கும் கையும் இல்லாமல் கிடைக்கும் உள்ளூர்ச் சுதந்திரம் ஊர்ப் பெரியமனிதரின் சுதந்திரமாகவே முடியும்.

தனிச்செய்தி விஷயத்தைப் பாருங்கள். மாஸ்டடானில் தனிச்செய்திகள் முழுமறையாக்கம் செய்யப்பட்டவை அல்ல. சர்வரைக் கையில் வைத்திருப்பவர் நினைத்தால் படிக்கலாம். 'ட்விட்டரும் அப்படித்தானே இருந்தது' என்கிறார்கள். அப்படித்தான். ஆனால் வீட்டுக்குத் தெரியாமல் பதிவுத் திருமணம் செய்யப்போகும் ஒரு பெண் உதவி கேட்டு எழுதினால், எங்கோ தொலைவில் இருக்கும் நிறுவன ஊழியருக்கு அவள் சித்தப்பாவைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஐம்பது பேர் இருக்கும் உள்ளூர்ச் சர்வரின் நிர்வாகிக்குத் தெரிந்திருக்கலாம். போதாததற்கு, தனிச்செய்திக்குள் மூன்றாவது ஆளின் கணக்குப் பெயரைக் குறியோடு எழுதிவிட்டால் அந்தச் செய்தி அவருக்கும் போய்விடும். அண்ணன் பெயரை அப்படி எழுதிவிட்டால் என்ன ஆகும்? தோழர்களே, தயவுசெய்து அந்த மாதிரிச் செய்திகளுக்கு மாஸ்டடானைப் பயன்படுத்தாதீர்கள். சிக்னல் இருக்கிறது.

மேற்கோள் காட்டிப் பகிரும் வசதி 2022இல் அங்கே இருக்கவில்லை. வேண்டுமென்றேதான் வைக்கவில்லை, ஒருவரைக் காட்டிக் கூட்டமாக அடிப்பதற்கு அது பயன்படுகிறது என்பது காரணம். காரணம் பொய்யில்லை, நம் பெண் தோழர்கள் அப்படி அடிபட்டிருக்கிறார்கள். ஆனால் ஒரு பிரபல எழுத்தாளர் சாதித் திமிரோடு எழுதியதை எடுத்துக்காட்டி, 'இதோ பாருங்கள்' என்று ஆயிரம் பேர் முன்னால் வைத்ததும் அதே வசதியால்தான். பதிவுகளின் உள்ளே சொல்லைத் தேடும் வசதியும் அப்போது பெரும்பாலும் இருக்கவில்லை, ஹேஷ்டேக் போட்டிருந்தால்தான் கிடைத்தது. பேராசிரியரோ ஆசிரியரோ பதில் சொல்லாமல் நகர முடியாதபடி செய்ய, கையில் பணமும் பத்திரிகையும் இல்லாத நமக்கு இருந்த ஆயுதங்கள் இவை. அமைதி நன்றாகத்தான் இருக்கிறது. ஊருக்குள்ளும் சத்தமில்லாமல்தான் இருக்கும், நாம் வாயைத் திறக்காத வரைக்கும்.

2019 நவம்பரை நினைத்துப் பாருங்கள். உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை ட்விட்டர் முடக்கியது. நாஜி வணக்கம் வைக்க மறுத்துக் கைகட்டி நிற்கும் ஒரு தொழிலாளியின் பழைய புகைப்படத்தை அவர் வைத்திருந்தார், அதுதான் முதல் காரணம். கோபத்தில் இந்தியர்கள் பலர் மாஸ்டடானுக்குப் போனார்கள், நாளிதழ்கள் அதை எழுதின. அதே நாட்களில்தான் பத்திரிகையாளர் திலீப் மண்டலின் கணக்குக்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. நீல டிக் யாருக்குக் கிடைக்கிறது, ஏன் தலித் பகுஜன் கணக்குகளுக்குக் கிடைப்பதில்லை என்று கேட்டு ட்விட்டருக்குள்ளேயே பெரும் போராட்டம் நடந்தது. கிளம்பிப் போவதே பெரிய அரசியல் என்று கொண்டாடப்பட்ட அந்த வாரத்தில், உள்ளே நின்று கணக்குக் கேட்டவர்களின் அரசியலும் இருந்தது. போனவர்களில் பலர் சில மாதங்களில் திரும்பிவிட்டார்கள்.

அதனால் நானும் திரும்பிவிட வேண்டும் என்கிறேனா? இல்லை. மஸ்கின் பண்ணையில் இன்னும் குனிந்து நிற்பதற்கு என்னிடம் ஒரு காரணமும் இல்லை. 'சொந்த சர்வர் வைத்துக்கொள்ளுங்கள்' என்ற வாக்கியத்தில் இருக்கும் ஏமாற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

இந்த வாக்கியத்தை நாம் முன்பே கேட்டிருக்கிறோம். பொதுக்கிணற்றில் தண்ணீர் எடுக்கக் கேட்டபோது, 'உங்களுக்குத் தனிக்கிணறு வெட்டித் தர்றோம்' என்றார்கள். தனிச்சுடுகாடு, தனி ரேஷன் கடை, தனித் தேநீர்க் குவளை. 1927 மார்ச் 20 அன்று மகாடில் சவுதார் குளத்துக்கு அம்பேத்கரும் ஆயிரக்கணக்கானவர்களும் நடந்துபோனது தாகத்துக்காக மட்டுமா? குளம் பொதுவானது என்று நிறுவுவதற்காக. 'இந்த வெளி எங்களுக்கும் பொதுவானது, விதியை மாற்று' என்று கேட்கும்போது, 'தனியாகப் போய் இருந்துகொள்' என்று வரும் பதிலில் சுதந்திரம் இல்லை, சேரி இருக்கிறது.

ஆனால் இதற்கு மறுபக்கம் ஒன்றும் நம் வரலாற்றிலேயே இருக்கிறது. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907இல் இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழ'னைக் கொண்டுவந்தார். 1920இல் அம்பேத்கரின் 'மூக்நாயக்' வந்தது, கட்டணம் கொடுத்தும் அதன் விளம்பரத்தைப் போட மறுத்தது திலகரின் 'கேசரி'. 1925இல் 'குடி அரசு'. இவர்கள் யாரும் ஊரை விட்டு ஒதுங்குவதற்காகப் பத்திரிகை நடத்தவில்லை. ஊரையே வம்புக்கு இழுப்பதற்காக நடத்தினார்கள். தனிக்கிணறு வேறு, சொந்த அச்சகம் வேறு. கிணற்றுத் தண்ணீரை நாம் மட்டும் குடித்துவிட்டு வீட்டுக்குப் போவோம். அச்சகத்திலிருந்து வருவது அக்ரகாரத்துத் திண்ணை வரைக்கும் போகும். அப்படிப் பார்த்தால், மையமில்லாத அமைப்பின் உண்மையான வாய்ப்பு இதுதான்: சர்வரும் நம்முடையதாக இருக்கலாம், அதிலிருந்து எல்லா ஊருக்கும் குரல் போகவும் செய்யலாம். மஸ்கிடம் நமக்கு இது ஒருபோதும் கிடைக்காது.

இதில் எனக்கு ஒரு குழப்பம் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. குரல் போவது மற்றவர்கள் நம்மைத் துண்டிக்காமல் இருக்கும்வரைதான். துண்டிக்கும் உரிமை நல்ல ஆயுதமும்கூட. 2019இல் வலதுசாரி வெறுப்புத் தளமான கேப், மாஸ்டடானின் கட்டற்ற மென்பொருளை எடுத்துத் தன்னை மாற்றிக்கொண்டபோது பெரும்பாலான சர்வர்கள் அதைத் துண்டித்தன. சரியான வேலை. நாளை ஒரு சாதிச் சங்கம் சர்வர் தொடங்கினால் முதல் நாளே நாமும் துண்டிப்போம். ஆனால் 'சத்தம் போடுகிறார்கள், எச்சரிக்கை போட மறுக்கிறார்கள், வெள்ளையர்களையும் பார்ப்பனர்களையும் சங்கடப்படுத்துகிறார்கள்' என்று நம்மையும் அதே பொத்தானால் துண்டிக்க முடியும். அப்போது கேட்க நாதியில்லை. இதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. சர்வர்களுக்கு இடையே ஏதாவது பொது உடன்படிக்கை வேண்டும், துண்டிப்பதற்கான காரணத்தை எல்லோரும் பார்க்கும்படி எழுத வேண்டும், அதை எதிர்த்துப் பேச ஓர் இடம் வேண்டும். அதாவது, மையமே வேண்டாம் என்று கிளம்பி வந்தவர்களிடம் போய், ஒரு சின்ன அரசியல் சட்டமாவது எழுதுங்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

நினைவு என்று ஒன்றும் இருக்கிறது. ரோஹித் வெமுலா ஃபேஸ்புக்கில் எழுதியவற்றைத் தொகுத்து 2017இல் ஆங்கிலத்தில் நூலாகவே கொண்டுவந்தார்கள். அவன் இல்லாமல் போன பிறகும் அந்தப் பதிவுகள் இருந்ததால்தான் அது முடிந்தது. ஒரு ஆய்வு மாணவன் எப்படி யோசித்தான், எதைப் படித்தான், யாரிடம் சண்டை போட்டான் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. டிசம்பர் சம்பவத்துக்குப் பிறகு நான் வேறு சர்வருக்கு மாறினேன். பின்தொடர்பவர்கள் கூடவே வந்தார்கள், பதிவுகள் வரவில்லை. அமைப்பே அப்படித்தான். வெண்மணிக் குறிப்பு பழைய ஊரிலேயே கிடக்கிறது. அந்த நிர்வாகிக்கு நாளை அலுப்புத் தட்டி, மாதக் கட்டணம் கட்டாமல் விட்டால் அதுவும் போய்விடும். 'கேசரி'யின் பழைய இதழ்கள் நூலகங்களில் பத்திரமாக இருக்கின்றன. 'பறைய'னின் இதழ்களைத் தேடி ஆய்வாளர்கள் எத்தனை ஆண்டு அலைந்திருக்கிறார்கள் என்று நம் துறையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சர்வர் வைத்தால், அதில் எழுதப்படுவதை யார் எங்கே பாதுகாக்கப்போகிறோம் என்பதை முதல் நாளே முடிவு செய்தாக வேண்டும்.

சிலர் கேட்கலாம், இவ்வளவு சின்னத் தளத்துக்கு எதற்கு இவ்வளவு பேச்சு? 2022 நவம்பரின் முடிவில் மாஸ்டடானைப் பயன்படுத்தியவர்கள் உலகம் முழுக்கவே சுமார் 25 லட்சம் பேர், அதில் தமிழர்கள் கைவிட்டு எண்ணும் அளவுதான். உண்மை. ஆனால் ஊர் உருவாகும்போதே தெரு எங்கே வரும் என்று பேசிவிட வேண்டும். ட்விட்டர் பெரிதான பிறகு, ஃபேஸ்புக் பெரிதான பிறகு, நாம் போய் விதிப் பட்டியலில் 'சாதி' என்ற ஒரு சொல்லைச் சேர்க்கச் சொல்லி ஆண்டுக்கணக்கில் மன்றாட வேண்டியிருந்தது. கணினித் துறையில் சாதி இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு 2020இல் கலிஃபோர்னியாவில் சிஸ்கோ மீது தொடுக்கப்பட்ட வழக்கு வந்தது. 2022இல் தேன்மொழி சௌந்தரராஜன் பேசவிருந்த கூட்டத்தை கூகுள் ரத்து செய்தது. அந்த அலுவலகங்களில் இருக்கும் கைகள்தான் ஓய்வுநேரத்தில் கட்டற்ற மென்பொருளும் எழுதுகின்றன, சர்வரும் நடத்துகின்றன. மென்பொருள் கட்டற்றதாக இருக்கலாம், எழுதும் கை எங்கிருந்தோ வருகிறது.

கடந்த ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேர் இணையவழியில் கூடிப் பேசினோம். சர்வருக்கு மாதம் ஆகும் செலவு பெரிய பிரச்சினையாகத் தெரியவில்லை, ஆளுக்கு இரண்டு டீ காசு மிச்சம் பிடித்தால் போதும். நிர்வாகம் ஒரு ஆளிடம் இருக்கக்கூடாது, ஆண்டுக்கு ஒருமுறை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கும் குழுவிடம் இருக்க வேண்டும் என்பதில் எல்லோருக்கும் உடன்பாடு. விதிகளைத் தமிழில் எழுதிவிட்டுத்தான் ஆங்கிலத்தில் எழுதுவது. 'நாடகக் காதல்' போன்ற சொற்களுக்கு, அவை எந்தச் சூழலில் என்ன வேலை செய்கின்றன என்று விளக்கும் ஒரு பட்டியலைத் தயாரித்து, மற்ற சர்வர்களின் மாடரேட்டர்களுக்கும் கொடுப்பது. பட்டியல் பதினேழு சொற்களில் நிற்கிறது. தொழில்நுட்ப வேலை தெரிந்த இரண்டு பேர் இருக்கிறார்கள். சர்வருக்குப் பெயர் வைப்பதில் இன்னும் சண்டை முடியவில்லை, அது முடியவும் போவதில்லை. ஐந்து பேரும் ஆண்கள் என்பதைக் கூட்டம் முடிகிற நேரத்தில் ஒரு தோழர் சொன்னார். அதற்குப் பிறகு யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அடுத்த கூட்டத்தை அதைப் பேசித்தான் தொடங்க வேண்டும்.